இணைப்பு கிடைக்கவில்லையா? டயல் அப் காலம் கற்றுத் தந்த ஆறு படிகள்

கடந்த 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தனது டயல் அப் இணையச் சேவையை நிறுத்திவிட்டது. தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, 'கீ...ங், கர்ர்' என்ற சத்தத்தைக் கேட்டு, அதன் பிறகு இணையத்துக்குள் நுழைந்த ஒரு காலம் அங்கே அதிகாரப்பூர்வமாக முடிவுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் அந்தச் சத்தம் ஓய்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. இஷாவுக்குப் பிறகு துபாயில் இருக்கும் மகனோடும், பாரிஸில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடும் பேச உட்காரும்போது இணைப்பு அறுந்துவிட்டால், வீடே பரபரப்பாகிவிடுகிறது. ஒருவர் ரூட்டரை அணைத்துப் போடுகிறார். இன்னொருவர் பாஸ்வேர்டை மாற்றுகிறார். மூன்றாமவர் செல்போனைத் தட்டுகிறார். எங்கே கோளாறு என்று யாரும் பார்ப்பதில்லை. டயல் அப் காலத்தில் இப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். அதனால் அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடித்தார்கள். அந்த வரிசை இன்றைக்கும் உதவும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அன்று எப்படி இணைந்தோம்?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வீட்டுக்கு வரும் செம்புக் கம்பித் தொலைபேசி லைன்தான் பாதை. அந்த லைன் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அது கடத்தும். கணினியின் தகவலை அந்த ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் தகவலாக மாற்றும் கருவிதான் மோடம். நாம் கேட்ட அந்தக் கரகரப்பு, இரண்டு மோடங்கள் ஒன்றோடொன்று பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சத்தம்.

1998-இல் வந்த வி.90 தரத்தில் விநாடிக்கு 56 கிலோபிட் வேகம் என்று விளம்பரப்படுத்தினார்கள். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு முனை தொலைபேசி நிலையத்தோடு நேரடியாக டிஜிட்டல் முறையில் இணைந்திருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் சாதாரண லைன் இருந்தால் அதிகபட்சம் 33.6 கிலோபிட்தான். இன்று செல்போனில் எடுக்கும் 5 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அந்த வேகத்தில் அனுப்பினால் 20 நிமிடம் ஆகும்.

ஒரே ஒரு கணினி டயல் செய்தால் அது மோடத்தின் வேலை. ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளையும் இன்னோர் ஊரிலுள்ள அலுவலகத்தோடு இணைக்க வேண்டுமானால் இரு முனைகளிலும் ரூட்டர் வேண்டும். அனுப்ப ஏதாவது இருந்தால் ரூட்டர் தானே டயல் செய்யும். கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை என்றால் தானே லைனைத் துண்டிக்கும். தனி லைன் வாடகைக்கு எடுக்க வசதியில்லாத சிறு அலுவலகங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதமாக இருந்தது.

புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவே

2002 வாக்கில், மதரஸாவில் ஓதி முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் நண்பர் ஒருவரின் டிராவல்ஸ் அலுவலகத்தில் கணக்கு எழுதுவேன். வளைகுடா செல்பவர்களின் டிக்கெட், விசா வேலைகளைப் பார்க்கும் சிறிய அலுவலகம். நண்பரின் அண்ணன் காரைக்காலில் கிளை வைத்திருந்தார். இரண்டு அலுவலகங்களையும் டயல் அப் ரூட்டர்கள் இணைத்தன. காரைக்கால் நம் ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அழைப்பு எஸ்.டி.டி. கணக்கில்தான் வரும்.

ஒரு வாரம் இணைப்பு நிற்கவே இல்லை. மணி அடிக்கும், மறுமுனை எடுக்கும், சத்தம் ஓடும், சில விநாடிகளில் அறுந்துவிடும். உடனே ரூட்டர் மறுபடியும் டயல் செய்யும். இரவெல்லாம் இப்படியே நடந்தது. மறுமுனை எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கட்டணம்தான். அந்த மாதத் தொலைபேசிக் கட்டணம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வந்தது. அதைவிட, விசா முடிய சில நாட்களே இருந்த இரண்டு பேரின் ஆவணங்கள் காரைக்காலில் கிடந்தன. கடைசியில் அவற்றை ஃப்ளாப்பியில் போட்டு ஒரு பையனிடம் கொடுத்துப் பேருந்தில் அனுப்பினார்கள்.

அந்த வாரத்தில் நாங்கள் செய்த தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான். நான் இங்கே பாஸ்வேர்டை மாற்றுவேன். அதே வேளையில் அண்ணன் அங்கே மோடத்தை மாற்றுவார். எதனால் சரியாகும், எதனால் கெடும் என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போனது. பிறகு அனுபவமுள்ள ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். "தம்பி, எல்லாத்தையும் விட்டுட்டுக் கையை எடுங்க. நம்ம முனையிலிருந்து ஒண்ணு ஒண்ணா போவோம்" என்றார். அவர் காட்டிய படிகள் இவை.

முதல் படி: லைன் உயிரோடு இருக்கிறதா?

மோடத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் காதில் வைக்க வேண்டும். டயல் டோன் கேட்கிறதா? கரகரப்பு இருக்கிறதா? கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பு இணைப்புகளை அரித்துவிடும். மழையில் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கும். மனிதர் பேசினால் கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், மோடத்தால் முடியாது. அதே லைனில் இன்னோர் அறையில் இணைத்தொலைபேசி இருந்து, அதை யாராவது எடுத்தாலும் இணைப்பு அறுந்துவிடும். இன்னொன்று, 'டயல் டோன் இல்லை' என்று மோடம் சொல்லும். நம் காதுக்கோ டோன் கேட்கும். டோனின் தாளம் மோடத்துக்குப் பழக்கமில்லாததாக இருப்பதே காரணம். டோனுக்குக் காத்திராமல் டயல் செய் என்று மோடத்துக்குக் கட்டளை கொடுத்தால் போதும்.

இரண்டாவது படி: மறுமுனை எடுக்கிறதா?

எண் சரியா, எஸ்.டி.டி.க்கு முன்னால் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்குள்ள மோடத்தில் தானாக எடுக்கும் வசதி அணைந்திருந்தால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அதே லைனில் ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தால் அது முந்திக்கொண்டு எடுத்துவிடும். இரண்டு ரூட்டர்களும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அழைத்தாலோ, இரண்டுக்கும் 'லைன் பிஸி' என்றுதான் வரும். ஒருவர் அழைக்க, மற்றவர் காத்திருக்க என்று முறை வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது படி: மோடங்கள் ஒப்புக்கொள்கின்றனவா?

இருவர் சந்திக்கும்போது ஒருவர் ஸலாம் சொல்லி, மற்றவர் பதில் சொன்ன பிறகுதானே பேச்சு தொடங்கும்? மோடங்களும் அப்படித்தான். எந்த வேகத்தில் பேசலாம், இரைச்சலை எப்படிச் சமாளிக்கலாம் என்று முதலில் பேசி முடிக்கின்றன. பல மோடங்கள் இதற்கு 50 விநாடி காத்திருக்கும். லைன் மோசமாக இருந்தால் அந்த நேரத்துக்குள் முடியாமல் 'கேரியர் இல்லை' என்று துண்டித்துவிடும். வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தால் பெரும்பாலும் நிற்கும். அறுந்து அறுந்து வரும் 33.6-ஐ விட நிலையாக நிற்கும் 14.4 மேல்.

நான்காவது படி: ஒருவரையொருவர் அடையாளம் தெரிகிறதா?

மோடங்கள் ஒப்புக்கொண்ட பிறகு ரூட்டர்கள் பேசத் தொடங்கும். இதற்கான முறைக்கு பி.பி.பி. என்று பெயர். 'நீ யார்?' என்ற கேள்வி இங்கேதான் வரும். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்கூட இணைப்பை அறுத்துவிடும். சாப் என்ற முறையில் பாஸ்வேர்டு லைனில் போவதே இல்லை. மறுமுனை ஒரு புதிர் போடும், பாஸ்வேர்டு தெரிந்தவரால்தான் அதற்குச் சரியான விடை அனுப்ப முடியும். எனவே விடை தவறினால், எந்த எழுத்து தவறு என்று ரூட்டர் சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

இன்னொரு வகைக் கோளாறு ஆளை அதிகம் ஏமாற்றும். அழைக்கும் ரூட்டர் சொல்லும் பயனர் பெயரும், எடுக்கும் ரூட்டரில் அந்த இணைப்புக்கு வைத்திருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சில அமைப்புகளின் விதி. பெயர் வேறாக இருந்தால், வந்திருப்பது ஓர் அலுவலகத்தின் ரூட்டர் என்று தெரியாமல் யாரோ ஒரு தனிக் கணினி என்று நினைத்துக்கொள்ளும். இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது.

ஐந்தாவது படி: முகவரிகள் மோதுகின்றனவா?

கடையில் வாங்கும் ரூட்டர்கள் பலவும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரி வரிசையோடு வருகின்றன. இரண்டு ஊர் அலுவலகங்களிலும் அதையே விட்டுவைத்தால், காரைக்காலுக்குப் போக வேண்டியதை இங்குள்ள கணினி 'இதே அறையில் இருக்கிறது' என்று நினைத்துவிடும். டயல் செய்யவே செய்யாது. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் கொடுத்தது போல. ஒரு பக்கத்தை 192.168.2 என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

ஆறாவது படி: திரும்பி வரப் பாதை உண்டா?

நாம் அனுப்பியது அங்கே போய்ச் சேர்ந்தாலும், பதில் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று அங்குள்ள ரூட்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பாதையை இங்கே மட்டும் எழுதிவிட்டு அங்கே எழுத மறந்தால், நமக்கு அது முழுத் தோல்வியாகத்தான் தெரியும். உண்மையில் பாதி வேலை நடந்திருக்கும். 'எனக்கு வரவில்லை' என்பதால் 'அவர் அனுப்பவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. மறுமுனையில் இருப்பவரிடம் 'உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்க வேண்டும்.

பெரியவரின் சொல்படி நாங்கள் தொடங்கினோம். லைனை மோடம் பிடித்துக்கொண்டதால், அண்ணன் காரைக்காலில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அங்கிருந்து பேசினார். முதல் மூன்று படிகளும் சரி. நான்காவதில் நின்றது. முந்தைய வாரம் காரைக்கால் ரூட்டரின் அமைப்புகள் அழிந்து போய், ஒருவர் மீண்டும் எழுதியிருந்தார். "பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் சொல்லச் சொல்லச் சரிபார்த்தேன். ஓர் எழுத்து குறைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வழக்கப்படி எழுதினால் காரைக்காலின் பெயரில் ஆங்கில 'ஏ' ஒன்று குறையும். அங்கே எழுதியவர் பழைய பத்திரங்களில் பார்த்தபடி பிரெஞ்சு முறையில் எழுதிவிட்டார். இங்கே ஆங்கில முறையில் இருந்தது. ஒரு வாரம், மூன்று மடங்கு கட்டணம், இரண்டு பேரின் விசா பதற்றம், எல்லாம் அந்த ஓர் எழுத்தால். திருத்தியதும் இணைப்பு நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

வில்லியனூர் கண்ட வழி

சில நேரம் ஆறு படிகளையும் பார்த்த பிறகு, கோளாறு அமைப்பில் இல்லை, பாதையே போதவில்லை என்று தெரியவரும். அப்போது என்ன செய்வது? இதற்கும் நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம் நிதியுதவி செய்தது. நம் சுல்தான்பேட்டைக்கு அருகிலுள்ள வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கே தொலைபேசி வழி டயல் அப் இணைப்பு இருந்தது. ஆனால் எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு நம்பகமான தொலைபேசி லைன்களை எதிர்பார்க்க முடியாத காலம் அது. எனவே வில்லியனூரிலிருந்து கிராமங்களுக்கு இருவழி வி.எச்.எஃப். ரேடியோவைப் பயன்படுத்தினார்கள். குரலும் தகவலும் அதன் வழியே போயின. மின்வெட்டுக்குச் சூரிய மின்தகடுகளை வைத்தார்கள்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய தகவல் எப்படிப் போனது என்று பாருங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வில்லியனூரில் தகவலை இறக்குவார்கள். அங்கிருந்து ரேடியோ வழியாகக் கிராம மையத்துக்குப் போகும். அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பார்கள். தொலைபேசி லைன், இணையம், ரேடியோ, கணினி, ஒலிபெருக்கி, அதை இயக்கும் ஊர்க்காரர் என்று ஒவ்வொரு கண்ணியும் வேறு. எந்தக் கண்ணி பலவீனமோ அதற்கு மட்டும் மாற்று தேடினார்கள். இத்திட்டம் 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

2004 டிசம்பர் 26 அன்று இதன் பலன் தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் மக்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. படகுகளும் வீடுகளும் சேதமடைந்தன, மனிதர்கள் பிழைத்தார்கள். அதே நாளில் காரைக்கால் கடற்கரை ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. நல்லவாட்டில் அன்று கணினியோ இணையமோ அந்தச் செய்தியைக் கொண்டுவரவில்லை. ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பும், கடைசிக் கண்ணியாக இருந்த ஒலிபெருக்கியும், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த மக்களும்தான் காரணம்.

இன்றைய வீட்டில் இதே வரிசை

இன்று நம் வீடுகளுக்கு ஒளியிழை வந்துவிட்டது. ஆனால் பல இணைப்புகளில் உள்ளே ஓடுவது அதே பழைய பி.பி.பி. முறையின் வாரிசுதான். அதனால்தான் வீட்டு ரூட்டரிலும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறார்கள். ஆறு படிகளை இப்படிப் பயன்படுத்தலாம்:

1. பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி மடங்கியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி நாம் செய்ய ஒன்றுமில்லை. புகார் கொடுக்க வேண்டியதுதான்.

2. 'பான்' விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நம் பெட்டியும் நிறுவனத்தின் கருவியும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். மின்னிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒப்பந்தம் முடியவில்லை.

3. வைஃபை வருகிறது, இணையம் வரவில்லை என்றால் செல்போனைக் குறை சொல்லாதீர்கள். வைஃபை என்பது செல்போனுக்கும் ரூட்டருக்கும் இடையிலான கண்ணி மட்டுமே.

4. ரூட்டரின் 'ரீசெட்' துளையைக் குத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துவிடும். அவற்றை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

5. மாடிக்கென்று இரண்டாவது ரூட்டர் வாங்கிய பிறகு கோளாறு வந்தால், இரண்டின் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

6. நம் பக்கம் எல்லாம் சரியென்றால், எதிர்முனையில் இருப்பவரிடம் கேளுங்கள். சில வளைகுடா நாடுகளில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. அங்கே குறுஞ்செய்தி போகும், அழைப்பு மட்டும் நிற்காது. அது நம் ரூட்டரின் குற்றமல்ல.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, வெளிநாட்டில் இருந்த நம் பிள்ளைகள் பலர் வீட்டைத் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட இரவில் எந்த ரூட்டரையும் சரிசெய்ய முடியாது. அதற்கு முன்பே வீட்டுச் சுவரில் நான்கு எண்களை எழுதி வைக்க வேண்டும்: அண்டை வீட்டார், வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் உறவினர், வேறு ஊரில் இருக்கும் ஒருவர், மஹல்லா பொறுப்பாளர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமும் அதே நான்கு எண்கள் இருக்க வேண்டும். பள்ளிவாசலின் ஒலிபெருக்கி மின்சாரம் இல்லாதபோதும் இயங்குமா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நல்லவாட்டில் அன்று கதவை உடைக்க வேண்டியிருந்தது. நாம் சாவி இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.